உடம்பு ஏறணும், தொப்பை ஏறக் கூடாது: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தொப்பையைக் குறைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குறைப்பதைப் பற்றி இல்லை, ஏற்றுவதைப் பற்றி. "ஒல்லியாக இருக்கிறேன், உடம்பு ஏறணும், ஆனால் தொப்பை வரக் கூடாது" என்பதை ஆளாளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியிலிருந்தும் கடலூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை விட்டுவிட்டேன், ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, வயது 23, உயரம் 172 செ.மீ. ஜிம்மில் சேரும்போது 58 கிலோ இருந்தேன். "கணக்குப் பார்க்காமல் சாப்பிடு, முதலில் பல்க் பண்ணு, அப்புறம் குறைச்சுக்கலாம்" என்று கூட இருக்கிற பசங்க சொன்னார்கள். காலையில் ஆறு இட்லி, மதியம் இரண்டு தட்டுச் சோறு சாம்பார், ஜிம் முடிந்து வாழைப்பழ மில்க் ஷேக், ராத்திரி நான்கு பரோட்டா சால்னா. நான்கு மாதத்தில் 66 கிலோ ஆகிவிட்டேன். கை அப்படியேதான் இருக்கிறது, வயிறு மட்டும் சட்டைப் பொத்தானை இழுக்கிறது. எங்கே தப்பு? (அரியாங்குப்பம்)

பதில்: தம்பி, இரண்டு இடத்தில் தப்பு. ஒன்று வேகம், இன்னொன்று தட்டில் இருப்பது.

வேகத்தை முதலில் பார்ப்போம். நான்கு மாதத்தில் 8 கிலோ என்றால் மாதம் 2 கிலோ. புதிதாக வெயிட் தூக்க ஆரம்பித்த ஓர் இளைஞருக்குப் பயிற்சி, தூக்கம், சாப்பாடு எல்லாம் ஒழுங்காக அமைந்தால்கூட மாதம் ஒரு கிலோ தசை கூடுவதே பெரிய விஷயம், பலருக்கு அதில் பாதிதான் கூடும். தசை வளர்வதற்கு உடம்புக்கென்று ஒரு வேகம் இருக்கிறது, இரண்டு மடங்கு சாப்பிட்டால் இரண்டு மடங்கு வேகமாக வளராது. மிச்சமாகிற கலோரி கொழுப்பாகத்தான் சேரும், நம் ஊர் ஆண்களுக்கு அது முதலில் போய் உட்காரும் இடம் வயிறு.

நீங்கள் கொடுத்த உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 22.3 வருகிறது. "நார்மல்தானே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இதே 22.3 என்ற எண்ணை வைத்து 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஞ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் என்ற இருவரும் அதில் தங்கள் படத்தையே போட்டு எழுதினார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3, ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பை அளந்து பார்த்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடையும் உயரமும் ஒத்துப்போனாலும் உள்ளே இருக்கிற சரக்கு வேறு. நம் நாட்டுக்காரர்களுக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு, அதிலும் வயிற்றைச் சுற்றி, கூடுதலாகவும் இருக்கிற இந்தப் போக்கு நன்கு தெரிந்த ஒன்று, ஒல்லியாக இருக்கும்போதே சர்க்கரை வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால்தான் "முதலில் கொழுக்க விடு, பிறகு இளைக்கலாம்" என்கிற யோசனை நமக்குக் கொஞ்சமும் பொருந்தாது என்று நான் அடித்துச் சொல்கிறேன். அது வேறு உடல்வாகு உள்ளவர்கள், போட்டிக்குப் போகிறவர்கள் செய்வது.

இப்போது தட்டு. நீங்கள் எழுதியிருக்கும் நாள் முழுச் சாப்பாட்டில் புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன், ஏறத்தாழ 60 கிராம்தான் தேறுகிறது. ஓர் இட்லியில் 2 கிராம், ஒரு கப் சோற்றில் 4 கிராம், தண்ணியான சாம்பாரில் ஒரு கரண்டிக்கு ஒன்றோ இரண்டோ கிராம். வெயிட் தூக்குகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் இருந்தால் நல்லது, 2.2-க்கு மேல் போவதால் கூடுதல் பலன் எதுவும் தெரிவதில்லை. உங்களுக்கு 105 கிராம் வேண்டும், பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கிறது. கலோரி மட்டும் வெள்ளமாக வருகிறது: ஒரு பரோட்டா சுமார் 250 கலோரி, நான்கு என்றால் ஆயிரம், சால்னாவில் மிதக்கிற எண்ணெய் தனி.

இனி என்ன செய்வது? அடுத்த ஆறு, எட்டு வாரத்துக்கு எடையை ஏற்றவும் வேண்டாம், பட்டினி கிடந்து குறைக்கவும் வேண்டாம். 66-இலேயே நில்லுங்கள், ஆனால் தட்டை மாற்றுங்கள். காலையில் நான்கு இட்லி, மூன்று வேகவைத்த முட்டை, கெட்டி சாம்பார்: 30 கிராம். மதியம் ஒன்றரைக் கப் சோறு, அதோடு ஓர் ஆள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அளவில் மீனோ கோழியோ, அதாவது 150 கிராம், ஒரு கப் தயிர்: 40 கிராம். சாயங்காலம் ஒரு டம்ளர் பாலும் ஒரு கை வறுத்த மல்லாட்டையும் (வேர்க்கடலை): 15. ராத்திரி மூன்று சப்பாத்தி, கொண்டைக்கடலைக் குழம்பு, வேண்டுமானால் ஒரு முட்டை: 20. முடிந்தது 105. பரோட்டாவை வாரத்தில் ஒரு நாள், இரண்டு, கோழியோடு சாப்பிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

இந்த ஆறு, எட்டு வாரத்தில் எடை நகராமலே இடுப்பு இறங்கும், தோள் நிரம்பும். புதிதாகப் பயிற்சி செய்கிறவர்களுக்குக் கொழுப்பு குறைவதும் தசை கூடுவதும் ஒரே சமயத்தில் நடக்கும், இந்தச் சலுகை பழகிய உடம்புக்கு அவ்வளவாக இல்லை. அதற்குப் பிறகு எடை ஏற்ற வேண்டும் என்றால் தேவைக்கு மேல் ஒரு நாளைக்கு 200 முதல் 300 கலோரி போதும். அது எவ்வளவு தெரியுமா? இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும். அவ்வளவுதான் அந்த "பல்க்". வாரத்துக்கு 150 முதல் 300 கிராம் ஏறினால் சரியான பாதை, அரைக் கிலோ ஏறினால் சோற்றில் ஒரு கரண்டியைக் குறையுங்கள்.

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று வாங்கி, காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை வெளியே விட்டபின் அளந்து எழுதிவையுங்கள், வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பதில் பிரயோஜனம் இல்லை. நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிற கணக்கு, மாதம் ஒரு கிலோ ஏறும்போது இடுப்பு அரை செ.மீ., மிஞ்சினால் ஒரு செ.மீ. ஏறலாம், அதற்கு மேல் போனால் ஏறுவது தசை இல்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். கை அப்படியே இருக்கிறது என்கிறீர்களே, நான்கு மாதம் முன்பு தூக்கிய அதே டம்பெல்லைத்தான் இன்றும் தூக்குகிறீர்களா? அப்படியானால் எந்தச் சாப்பாடும் கையை வளர்க்காது. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு தசைக்கும் வாரம் இரண்டு முறையாவது வேலை கொடுத்து, எடையோ எண்ணிக்கையோ கூடிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பச்சை முட்டையை உடைத்து அப்படியே குடித்தால் சத்து அதிகம் என்கிறார்களே? மஞ்சள் கருவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா? (லாஸ்பேட்டை)

பதில்: நேர்மாறு. வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடம்பில் சேர்கிறது, பச்சையாகக் குடித்தால் பாதிதான். கூடவே கிருமித் தொல்லை வேறு. மஞ்சள் கருவில் முட்டையின் புரதத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது, வைட்டமின்கள் பெரும்பாலும் அதில்தான். மூன்று முழு முட்டை சாப்பிடுங்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் வெள்ளையை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மேடம், நாங்கள் சுத்த சைவம், முட்டைகூட இல்லை. மகன் ப்ளஸ் டூ படிக்கிறான், 55 கிலோ. ஜிம்மில் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்களாம், ஒரு டப்பா மூவாயிரத்துக்கு மேல். வாங்கித் தராவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். பவுடர் கிட்னியைக் கெடுக்கும் என்று என் அண்ணன் சொல்கிறார். என்ன செய்ய? (நெல்லிக்குப்பம்)

பதில்: அம்மா, முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். சிறுநீரகம் நல்லபடியாக இருக்கிறவர்களுக்கு இந்த அளவு புரதத்தால் சிறுநீரகம் கெடுவதில்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள்தான் புரதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், வீட்டில் யாருக்காவது அந்தப் பிரச்சினை இருந்தால் மட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு ஆரம்பியுங்கள். பவுடர் என்பது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம், விஷமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் அளவுக்கு இருக்கும். ஆனால் 17 வயதுப் பையனுக்கு அது தேவையா என்றால், இல்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் தசை ஏற்றுவதற்காகப் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கவே சொல்கிறது. சந்தையில் கலப்படச் சரக்கும் போலி டப்பாவும் நிறைய ஓடுகின்றன, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

உங்கள் மகனுக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் வரை புரதம் இருந்தால் போதும். சைவத்தில் அது வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் பெரும்பாலும் சாம்பாரையே புரதம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள். கரண்டி விட்டுப் பாருங்கள், மேலாக எடுத்தால் தண்ணீரும் முருங்கைக்காயும் வரும், அடியில் கலக்கி எடுத்தால்தான் பருப்பு வரும். அவனுக்கு அடியிலிருந்து எடுத்து ஊற்றுங்கள், இல்லையென்றால் பருப்பைத் தனியாகவே கடைந்து வையுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் முக்கியமான பொருள் மீல்மேக்கர், அதாவது சோயா உருண்டை. காய்ந்த நிலையில் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம், கொழுப்பு மிகக் குறைவு, மளிகைக் கடையில் கிடைக்கிற மலிவான புரதம் அதுதான். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஒரு முறை அலசிப் பிழிந்தால் அந்தப் பச்சை வாசனை போய்விடும். பிறகு மிளகு, சோம்பு, இஞ்சி பூண்டு போட்டு வறுவலாகச் செய்தால் பையன்கள் தட்டைக் காலி செய்வார்கள். சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று ஜிம்மில் ஒரு கதை உலவுகிறது, இந்த அளவில் சாப்பிடுவதால் ஆண் ஹார்மோன் குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

காலையில் இட்லியோடு கெட்டிச் சாம்பாரும் ஒரு டம்ளர் பாலும், இடைவேளைக்கு வறுத்த மல்லாட்டை ஒரு சின்ன டப்பாவில், மதியம் மீல்மேக்கரும் தயிரும், சாயங்காலம் சுண்டல், ராத்திரி இரண்டு அடையும் ஒரு டம்ளர் பாலும். இதைக் கூட்டினால் 80 கிராமைத் தாண்டிவிடும். பன்னீர் வேண்டுமென்றால் வாரத்தில் இரண்டு நாள் போதும், 100 கிராமில் 18 கிராம் புரதம் என்றாலும் கொழுப்பு அதைவிடக் கூடுதல். மல்லாட்டையும் அப்படித்தான், அளவாக ஒரு கை. பண்ருட்டி முந்திரியை உறவுக்காரர்கள் கிலோ கணக்கில் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று தெரியும், அதில் புரதத்தைவிடக் கொழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல், நாலைந்து பருப்போடு நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், பையன் பவுடருக்காகச் சாப்பிட மறுக்கிறான் என்றால் விஷயம் புரதம் இல்லை. கூடப் படிக்கிறவர்கள் முன்னால் ஒல்லியாக நிற்க அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. அதைச் சிரித்துத் தள்ளாமல் உட்கார வைத்துப் பேசுங்கள், இந்தக் கணக்கை அவனையே ஒரு தாளில் போடச் சொல்லுங்கள். கிராம் கணக்கு பையன்களுக்குப் பிடிக்கும்.

கேள்வி: சோறுதான் தொப்பைக்குக் காரணம் என்று அடியோடு விட்டுவிட்டேன். இப்போது வெயிட் தூக்கவே தெம்பு இல்லை. (வில்லியனூர்)

பதில்: இருக்காதுதான். கனமாகத் தூக்குவதற்குத் தசை எரிப்பது மாவுச்சத்தை. சோற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள், ஆனால் தட்டில் முதலில் மீனையோ பருப்பையோ காயையோ வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் சோற்றைப் போடுங்கள். பயிற்சி இருக்கிற நாளில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வரும் வேளையில் கொஞ்சம் கூடுதலாக, இல்லாத நாளில் ஒரு கரண்டி குறைவாக.

கேள்வி: அக்கா, நான் விசைப்படகில் போகிறவன், வயசு 28. கடலுக்குப் போகும்போது உடம்பு முறுக்காக இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் ஐந்தாறு கிலோ போட்டுவிடுகிறேன், எல்லாம் வயிற்றில். அந்த இரண்டு மாதத்தில்தான் ஜிம்முக்குப் போக நேரமும் கிடைக்கிறது. என்ன சாப்பிட வேண்டும்? கருவாடு சாப்பிடலாமா? (தேவனாம்பட்டினம்)

பதில்: இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தேன். உங்களுக்குக் கிடைக்கிற உணவு நகரத்தில் ஜிம்முக்குப் போகிற பையன்களுக்குக் கிடைப்பதில்லை.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதற்கு முந்தின நாள் வரைக்கும் வலை இழுத்து, ஐஸ் பெட்டி தூக்கி, தூக்கம் கெட்டு உழைத்த உடம்பு, மறுநாள் திண்ணையில் உட்காருகிறது. செலவு சட்டென்று குறைகிறது, பசியும் பழக்கமும் குறைவதில்லை, அதே பெரிய சட்டிச் சோறு தொடர்கிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பது கணக்கு. ஒரு நாளைக்கு 600 கலோரி மிச்சமானாலே 61 நாளில் நாலரை கிலோவுக்கு மேல் வந்துவிடும், நீங்கள் சொல்வது அப்படியே ஒத்துப்போகிறது.

ஆகவே முதல் நாளிலிருந்தே சோற்றை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், மீனைக் குறைக்காதீர்கள். தடைக்காலத்தில் வஞ்சிரமும் வவ்வாலும் விலை ஏறும், ஏறட்டும், அவை இல்லாமலே காரியம் நடக்கும். கட்டுமரத்திலும் சின்ன வள்ளத்திலும் கரையோரம் பிடித்து வருகிற மத்தி, காரப்பொடி, நெத்திலி எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 18 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. மத்தியில் இதயத்துக்கு நல்லதான ஒமேகா 3 கொழுப்பு வேறு. முள்ளோடு மென்று சாப்பிடக்கூடிய சின்ன மீனில் கால்சியமும் கிடைக்கும்.

கெடுவது எல்லாம் சட்டியில்தான். அதே மத்தியைப் புளி, தக்காளி ஊற்றிக் குழம்பு வைத்தால் ஒரு தட்டு 200 கலோரி சொச்சம். மசாலா தடவி எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் மசாலா மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, நாலு மீனுக்கு இரண்டு கரண்டி உள்ளே போய்விடும், கண்ணுக்கும் தெரியாது. பொரித்த மீன்தான் வேண்டும் என்றால் தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மூடி போட்டு, இரண்டு பக்கமும் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

கருவாடு சாப்பிடலாம். தண்ணீர் வற்றிப்போனதால் எடைக்கு எடை புரதம் பச்சை மீனைவிட இரண்டு மூன்று மடங்கு. பிரச்சினை உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, கருவாட்டுக் குழம்பு ஒரு வேளையிலேயே அதைத் தாண்டிவிடும். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை தண்ணீரை மாற்றி அலசுங்கள், குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள், வாரம் ஒன்றிரண்டு முறையோடு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்பு இருக்கிற பெரியவர்களுக்கு இது வேண்டாம்.

ஜிம்முக்குப் போங்கள், கட்டாயம். வலை இழுத்துப் பழகிய முதுகும் கையும் உங்களுக்கு ஏற்கெனவே பலம், காலுக்கும் நெஞ்சுக்கும் கூடுதல் வேலை கொடுங்கள். சாயங்காலம் பீச்சில் மணலில் வேகமாக நடந்தால் கடலில் செலவாகிக்கொண்டிருந்ததில் ஒரு பங்காவது ஈடாகும்.

கேள்வி: சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சாப்பிட்டால் எல்லாம் கொழுப்பாகிவிடும் என்கிறார்களே, நைட் ஷிப்டில் நான் எப்போதுதான் சாப்பிடுவது? (கடலூர் முதுநகர்)

பதில்: எட்டு மணி என்று உடம்புக்குள் கேட் எதுவும் சாத்துவதில்லை. நாள் முழுக்க எவ்வளவு என்பதுதான் முதல் கணக்கு. ஆனால் நடு ராத்திரியில் வயிறு முட்டச் சாப்பிட்டால் சர்க்கரை தாறுமாறாக ஏறும், தூக்கமும் வரும். ஷிப்டுக்குக் கிளம்புமுன் ஒரு முழுச் சாப்பாடு, நடுவில் கொண்டுபோன இரண்டு முட்டையோ ஒரு டப்பா சுண்டலோ, காலையில் வீட்டுக்கு வந்ததும் அளவான டிபன், உடனே தூக்கம். ஜன்னலுக்குத் திரை போட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஏழு மணி நேரம் தூங்குங்கள். தூக்கம் குறைந்தால் எடை குறையும்போது கொழுப்புக்குப் பதிலாகத் தசைதான் கூடுதலாகப் போகும்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். ஷிப்டில் எத்தனை டீ? ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டுமே 240 கலோரி. மேலே அரியாங்குப்பம் தம்பிக்கு ஒரு நாள் முழுக்க ஏற்றச் சொன்ன கூடுதல் கலோரி அவ்வளவுதான். இரண்டு டீயில் நிறுத்துங்கள், அரைச் சர்க்கரை.

கேள்வி: ஜிம் மாஸ்டர் ஊசி ஒன்று சொல்கிறார். மூன்று மாதத்தில் உடம்பு ஏறுமாம், தொப்பையே வராதாம், சைடு எஃபெக்ட் இல்லையாம். வாரக் கடைசியில் நண்பர்களோடு பீர் குடிப்பேன், அதனால் ஏதாவது ஆகுமா? (முதலியார்பேட்டை)

பதில்: போடாதீர்கள். அது ஆண் ஹார்மோனின் செயற்கை வடிவம், ஸ்டீராய்டு. வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால் உங்கள் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு நிறுத்தின பிறகும் ஒரு வருஷம், அதற்கு மேலும் திரும்புவதில்லை. நல்ல கொழுப்பு சரியும், இதயத் தசை தடிக்கும், சில மருந்துகள் கல்லீரலைத் தாக்கும். மார்பு பெண்களுக்குப் போல வளர்ந்து அதற்கு அறுவை சிகிச்சை தேடி அலைகிற பையன்களை நான் பார்க்கிறேன், வீட்டில் சொல்ல முடியாமல் தனியாக வருவார்கள், மனசு கலங்கிவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்பதே சட்டப்படி குற்றம். ஏற்கெனவே ஒன்றிரண்டு போட்டுவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் ஒரு டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அவர் திட்டினாலும் பரவாயில்லை.

காசு செலவு செய்தே தீர வேண்டும் என்றால் தசைக்குச் சக்தி தருகிற கிரியேட்டின் என்கிற பொடி ஒன்றுதான் நல்ல ஆதாரம் உள்ளது. தினமும் 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும். முதல் சில வாரத்தில் தசைக்குள் நீர் சேர்ந்து ஒரு கிலோ ஏறலாம், அது கொழுப்பு இல்லை. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைப் பார்க்க அளக்கிற கிரியேட்டினின் கொஞ்சம் கூடிக் காட்டலாம், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பீர் விஷயம். நம் புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு, வாரக் கடைசியில் வெளியூரிலிருந்தெல்லாம் வந்து குவிகிறார்கள், உங்களைச் சுற்றி அது எவ்வளவு சாதாரணம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி, ஒரு பெரிய பாட்டில் பீர் 250 கலோரிக்கு மேல், கூடவே வருகிற சிக்கன் 65-ஐச் சேர்த்தால் ஆயிரத்தைத் தொடும். அளவுக்கு மீறிக் குடிக்கிற அன்று தசை கட்டுகிற வேலையும் மந்தமாகிவிடுகிறது. சனிக்கிழமை கால் பயிற்சி செய்துவிட்டு ராத்திரி குடிக்கிறீர்கள் என்றால் அந்தப் பயிற்சியின் பலனில் ஒரு பகுதி வீண். விட்டுவிட்டால் நல்லது.

கேள்வி: வயது 46, எடை 61 கிலோ. சர்க்கரை பார்டரில் இருக்கிறது. வெயிட் தூக்கு, புரதம் சாப்பிடு என்று டாக்டர் சொல்கிறார். ஆம்பிளை மாதிரி உடம்பு ஆகிவிடுமோ என்று வீட்டில் எல்லாரும் பயப்படுகிறார்கள், எனக்கும் கூச்சமாக இருக்கிறது. (முத்தியால்பேட்டை)

பதில்: ஆகாது. பெண்களுக்கு ஆண் ஹார்மோன் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. நீங்கள் ஐந்து வருஷம் தூக்கினாலும் அந்த உருவம் வராது, புடவை கட்டினால் நேராக நிற்பீர்கள், குடத்தைத் தூக்க மூட்டு வலிக்காது, அவ்வளவுதான்.

டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. முப்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை தானாகக் குறைகிறது. மாதவிடாய் நிற்கும் சமயத்தில் எலும்பும் சேர்ந்து தேய்கிறது. எடை அதே 61-இல் நின்றாலும் தசை போய் அந்த இடத்தில் கொழுப்பு வந்துகொண்டிருக்கும், இடுப்பு அளவு 80 செ.மீ.யைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். எங்கே இடிக்கிறது என்று சொல்லட்டுமா? நம் வீடுகளில் குழம்பு மீன் எட்டுத் துண்டு வெட்டினால் நடுத்துண்டு வீட்டுக்காரருக்கு, அடுத்தவை பிள்ளைகளுக்கு, மாமியாருக்கு ஒன்று. எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் உட்காருகிறவருக்குத் தலையும் குழம்பும் சோறும். முட்டை ஆளுக்கு ஒன்று என்று வேகவைத்தால் எண்ணிக்கையில் அம்மா இருப்பதில்லை. பாலும் அப்படித்தான், எல்லார் டம்ளருக்கும் ஊற்றிய பிறகு மிஞ்சினதில் ஒரு டீ. என்னிடம் வருகிற பெண்களிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் "எல்லாரும் சாப்பிட்டதைத்தான்" என்பார்கள், ஒவ்வொரு வேளையாகத் துருவிக் கேட்டால் 35 கிராமைத் தாண்டாது. இது எனக்குக் கோபத்தை வரவழைக்கிற விஷயம், மறைக்க மாட்டேன். உங்கள் துண்டை அடுப்படியிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பரிமாறுங்கள். இரண்டு முட்டை உங்களுக்கென்று எண்ணி வேகவையுங்கள். வீட்டில் கேட்டால் டாக்டர் சொன்னது என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை.

காலை இரண்டு முட்டையும் இரண்டு இட்லியும், மதியம் ஒரு கப் சோறு, 100 கிராம் மீன், நிறையக் கீரை, தயிர், சாயங்காலம் பச்சைப்பயறு சுண்டல், ராத்திரி ஓர் அடையோ கேழ்வரகுத் தோசையோ, கூட ஒரு டம்ளர் சர்க்கரை போடாத பால். 60 கிராமைத் தொட்டுவிடும்.

ஜிம்முக்குப் போகக் கூச்சம் என்றால் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தோளுக்கு மேல் தூக்குவது, ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று தடவை, வாரத்தில் மூன்று நாள். சுலபமாகிவிட்டது என்று தோன்றின உடனே பாட்டிலை விட்டுவிட்டு இரண்டு கிலோ டம்பெல் வாங்குங்கள். முட்டி வலி இருந்தால் உயரமான நாற்காலியில் தொடங்குங்கள். சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, ஆரம்பித்திருந்தால் பயிற்சியும் தொடங்கிய விஷயத்தை டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்ற வேண்டி வரலாம். மூன்று மாதம் கழித்து, இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற எச்.பி.ஏ.1சி. பரிசோதனை செய்து, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இடுப்பு அளவோடு எனக்கு எழுதுங்கள்.